குண்டு எங்கே விழும்? எறிபொருள் கணக்குக்கு வீட்டில் ஒரு சோதனை

என் தங்கை மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கிடைத்தள நெடுக்கத்தின் (எறிந்த பொருள் போய் விழும் தூரத்தின்) சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: திசைவேகத்தின் வர்க்கம், பெருக்கல் இருமடங்குக் கோணத்தின் சைன், வகுத்தல் ஈர்ப்பு முடுக்கம். மேசையிலிருந்து உருண்டு விழும் குண்டுக்கும் அதே சூத்திரத்தைத்தான் போடுவாள். கோணம் சுழியம், எனவே சைன் சுழியம், எனவே நெடுக்கமும் சுழியம். அதாவது, மேசை விளிம்பை வேகமாகத் தாண்டிய குண்டு விளிம்புக்கு நேர் கீழே விழுகிறது! அந்த விடைக்கு அடியில் அளவுகோல் வைத்து இரட்டைக் கோடும் போட்டிருந்தாள்.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சூத்திரத்தைக் கரும்பலகையில் நிறுவுவது பேராசிரியர்களின் வேலை. கருவி ஏன் அந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்பட மறுக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. ஆகவே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், வேலூர் விருதம்பட்டில் உள்ள என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சோதனையை அமைத்துவிட்டேன். அதன் பதிவுதான் இது. செய்து பார்க்க விரும்புவோருக்கு அளவுகளும் கொடுத்திருக்கிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகம். பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் ‘செங்குத்து’, வலப்பக்கம் ‘கிடை’. உயரம், ஈர்ப்பு முடுக்கம், மேல்நோக்கிய வேகம் எல்லாம் இடப்பக்கம். முன்னோக்கிய வேகம், விழுந்த தூரம் இரண்டும் வலப்பக்கம். நடுக்கோட்டைத் தாண்டிச் செல்லும் உரிமை நேரம் ஒன்றுக்கு மட்டும்தான். எந்தக் கணக்கானாலும் இடப்பக்கத்தில் நேரத்தைக் கண்டுபிடி, அதை வலப்பக்கம் கொண்டுபோய் வேகத்தால் பெருக்கு. அடிப்படைக் கணக்குகளில் பெரும்பாலானவை இவ்வளவில் முடிந்துவிடும். சில கணக்குகளில் தூரத்தைக் கொடுத்து உயரத்தைக் கேட்பார்கள். அப்போது நேரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரும், அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது என்பதை அவள் நம்பவில்லை. வேகமாக ஓடும் பொருள் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும் என்று எல்லோருக்கும் மனத்தின் ஓர் ஓரத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. அதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. மேசை விளிம்பில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, வெளியே நீண்டிருக்கும் முனையின் மேல் ஓர் ஐந்து ரூபாய் நாணயம். விளிம்பிலேயே ஸ்கேலுக்கு முன்னால் இன்னொரு நாணயம். ஸ்கேலைச் சட்டென்று விரலால் சுண்டினால் ஒன்று அப்படியே கீழே விழும், மற்றொன்று பறந்துபோய் விழும். தரை டைல்ஸ் என்றால் காது போதும். ஒரே சத்தம். இன்னும் வேகமாகச் சுண்டினாலும் ஒரே சத்தம். “மாமா, மெதுவாகச் சுண்டினால்?” என்று கேட்டுவிட்டு அவளே சுண்டிப் பார்த்தாள். பறந்த நாணயம் அருகில் விழுந்தது, அவ்வளவுதான். சத்தம் அப்போதும் ஒன்றுதான்.

அடுத்தது சரிவுப் பாதை. ஒரு அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டடித் துண்டு எடுத்துக்கொண்டேன். பிளம்பர்கள் செய்வது போலக் குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக்கமாக நிரப்பி, இரு முனையையும் துணியால் அடைத்து, தணலில் காட்டி மெல்ல வளைக்க வேண்டும். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். பாலாற்றின் கரையில் இருந்துகொண்டு மணலுக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீரைப் பார்ப்பதுதான் அதிசயம். வளைத்து ஆறிய பிறகு நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பாதியாக்கினால், மேலே சரிவும் கீழே மட்டமுமாக ஒரு வாய்க்கால் கிடைக்கும். அறுத்த விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிசிர் இருந்தால் குண்டு தடுமாறும்.

குண்டு, லாரிப் பட்டறையில் வாங்கிய பழைய பேரிங்கிலிருந்து எடுத்தது. 20 மி.மீ. விட்டம், எடை சுமார் 33 கிராம்.

வாய்க்காலை மேசையில் பொருத்தும்போது நேரம் செலவிட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: குண்டு வெளியேறும் முனை. அது துல்லியமாக மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முனை 2 பாகை நிமிர்ந்திருந்தால்கூடக் குண்டு ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி விழும். அடுத்து, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை அந்த முனையிலிருந்து தொங்கவிட்டு, தரையில் நேர் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும், மேசைக்காலிலிருந்து அல்ல. விழும் இடத்தில் வெள்ளைத் தாள், அதன் மேல் கார்பன் தாள். குண்டு விழுந்ததும் தாளில் ஒரு கரும்பொட்டு பதியும். மின்விசிறியால் 33 கிராம் குண்டை ஒன்றும் செய்ய முடியாது என்றாலும் கார்பன் தாளைப் பறக்கவிட முடியும், ஆகவே அணைத்துவிட வேண்டும். வேலூரில் மே மாதத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டு இயற்பியல் செய்வதற்குத் தனி வைராக்கியம் வேண்டும்.

இப்போது கணக்கு. வெளியேறும் முனையிலிருந்து தரைவரை 76 செ.மீ. இடப்பக்கம் எழுதினாள்: 0.76-ஐ இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.394 விநாடி. (வேலூரின் அட்சரேகைக்கும் உயரத்துக்கும் ஈர்ப்பு முடுக்கம் 9.78-ஐ ஒட்டி வரும். புத்தகத்தின் 9.8 போதும், ஏன் என்று சற்றுப் பின்னால் வருகிறது.) வலப்பக்கத்துக்கு வேகம் தேவை. குண்டை முனையைவிட 20 செ.மீ. உயரத்திலிருந்து விடுகிறோம். நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால், 2 × 9.8 × 0.2 = 3.92, அதன் வர்க்கமூலம் 1.98 மீட்டர்/விநாடி. நேரத்தால் பெருக்கினால் 78 செ.மீ. தாளில் 78-இல் ஒரு சிவப்புக் குறுக்குக் குறி போட்டுவிட்டுக் குண்டை விட்டாள்.

பொட்டு விழுந்தது 64-இல்.

நான் எதிர்பார்த்ததுதான், சொல்லவில்லை. அவள் உயரத்தை மறுபடி அளந்தாள், தூக்குக்குண்டைச் சரிபார்த்தாள், திரும்பத் திரும்ப விட்டாள். பொட்டுகள் அனைத்தும் 64-ஐச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் குவிந்தன. “உராய்வு, மாமா” என்றாள். எங்கள் ஆய்வகத்தில் காலங்காலமாக எல்லாப் பிழைகளையும் ஏற்றுக்கொண்டுவரும் சுமைதாங்கி அந்த உராய்வு. பதிவேட்டில் ‘பிழைக்கான காரணம்: உராய்வு’ என்று எழுதிவிட்டால் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

உராய்வுதான் காரணம் என்றால் 14 செ.மீ. இழப்பு மிக அதிகம். பொட்டுகளும் இவ்வளவு நெருக்கமாகக் குவியாது. உண்மையான காரணம் அதே பிளஸ் ஒன் புத்தகத்தில், பின்னால் வரும் திண்மப்பொருட்களின் இயக்கம் பற்றிய பாடத்தில் இருக்கிறது. குண்டு வழுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. உருள்வதற்கும் ஆற்றல் வேண்டும். முழுத் திண்மக் கோளம் வழுக்காமல் உருளும்போது, அதன் இயக்க ஆற்றலில் ஏழில் ஐந்து பங்குதான் முன்னோக்கிச் செல்லப் பயன்படுகிறது. மீதி இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. ஆகவே 3.92-ஐ ஐந்தால் பெருக்கி ஏழால் வகுக்க வேண்டும். 2.8 வருகிறது. வர்க்கமூலம் 1.67. நேரத்தால் பெருக்கினால் 66 செ.மீ. மிஞ்சிய 2 செ.மீ.யை வேண்டுமானால் உராய்வின் தலையில் கட்டலாம்.

ஆக, தவறு எறிபொருள் பகுதியில் இல்லை. விளிம்பைத் தாண்டிய பின் நடந்ததை நோட்டின் இரண்டு பக்கமும் சரியாகவே சொல்லியிருந்தன. கொடுத்த வேகம்தான் பிழை. பரீட்சைத் தாளில் வேகத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள், நமக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டில் அதை நாமே சம்பாதிக்க வேண்டும்.

இந்த இடத்தில் அவளை இயற்கணிதம் செய்யச் சொன்னேன். நேரத்துக்கான கோவையையும் வேகத்துக்கான கோவையையும் எண் போடாமல் அப்படியே பெருக்கிப் பார்த்தால், ஒன்றில் மேலே இருக்கும் ஈர்ப்பு முடுக்கமும் மற்றொன்றில் கீழே இருக்கும் ஈர்ப்பு முடுக்கமும் அடிபட்டுப் போகின்றன. விழும் தூரம் என்பது இரண்டு உயரங்களைப் பெருக்கி, ஏழில் ஐந்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டிப்பாக்கியது, வேறொன்றுமில்லை. 9.8 போட்டாலும் 10 போட்டாலும் அதே 66. நிலாவில் இதே மேசையை வைத்து இதே குண்டை விட்டாலும் 66-தான். மெதுவாக உருளும், மெதுவாக விழும், அதே இடத்தில் பொட்டு வைக்கும். எடையும் இந்தக் கோவையில் இல்லை. கண்ணாடிக் கோலி ஒன்றை விட்டுப் பார்த்தோம். இரும்புக் குண்டின் பொட்டுகளோடு அதன் பொட்டும் கலந்துபோனது, ஆனால் மங்கலாக. கோலிக்குக் கார்பன் தாளை அழுத்தப் போதுமான கனம் இல்லை.

இதைவிட அழகான சோதனை, விடும் உயரத்தை 20-லிருந்து 5-ஆகக் குறைப்பது. உயரம் கால் பங்கு ஆனால் தூரம் பாதி. 32-ஐ ஒட்டிப் பொட்டு விழுந்தது. கலீலியோவும் இப்படித்தான் செய்தார். 1608-ஐ ஒட்டி, சரிவிலிருந்து குண்டுகளை உருட்டி மேசைக்கு அப்பால் விழவைத்து, விழுந்த தூரங்களை எழுதிவைத்த தாள் இன்றும் இருக்கிறது. ஏழில் ஐந்து பற்றி அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு தூரத்தை இன்னொரு தூரத்தோடு ஒப்பிட்டதால் அந்தப் பங்கு இரு பக்கமும் அடிபட்டுப்போய், அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டது.

ஏழில் ஐந்து என்ற எண்ணை அவள் உடனே பாராயணம் செய்யத் தொடங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு சூத்திரம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதானா? ஆகவே வெல்டிங் பட்டறைக்குப் போய், ஆறு மில்லிமீட்டர் கம்பி இரண்டை ஒரே வளைவில் வளைத்து, இணையாகப் பற்றவைத்துத் தரச் சொன்னேன். “சார், இது என்ன தண்டவாளமா? என்ன ஓடும் இதில்?” என்றார் பட்டறைக்காரர். ஒரு குண்டு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கூலியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் சார்” என்றார்.

கம்பிகளின் மேல் மார்க்கர் மை தடவி, காய்வதற்குள் குண்டை ஒருமுறை உருட்டினால், குண்டில் இரண்டு வளையங்கள் பதியும். வெர்னியரால் அளந்தோம்: வளையங்களுக்கு இடையே 12 மி.மீ. குண்டின் ஆரம் 10. பாதி இடைவெளி 6. பித்தாகரஸ் மீதியைச் சொல்லிவிடுவார்: தொடும் கோட்டிலிருந்து குண்டின் மையம் 8 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. 10 மி.மீ. ஆரமுள்ள குண்டு 8 மி.மீ. ஆரமுள்ள சக்கரம் போல உருள்கிறது, எனவே அதே முன்னோக்கு வேகத்துக்கு அதிகம் சுழல வேண்டியிருக்கிறது. முன்பு சுழற்சிக்குப் போன பங்கு, முன்னோக்கிய பங்கில் ஐந்தில் இரண்டு. அதை, இரு ஆரங்களின் வர்க்கங்களான 100-ஐ 64-ஆல் வகுத்து வருவதோடு பெருக்கினால் 0.625, ஒன்றைக் கூட்டினால் 1.625. 3.92-ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.55 மீட்டர்/விநாடி, தூரம் 61 செ.மீ. பொட்டு விழுந்தது 59-க்கும் 60-க்கும் இடையில். அதே குண்டு, அதே உயரம், அதே மேசை. பாதை மாறியதால் 4 செ.மீ.க்கு மேல் குறைந்தது. ஏழில் ஐந்து என்பது குண்டு அடியில் ஒரே புள்ளியில் தொட்டு உருளும்போது மட்டும் என்று அவளே அடிக்குறிப்பு எழுதிக்கொண்டாள்.

சரி, கோணத்தில் எறிவது? இதற்குக் கவண், ரப்பர் பட்டை, வில்சுருள் துப்பாக்கி என்று எல்லோரும் கிளம்புவார்கள். ஒவ்வொரு முறையும் வேகம் மாறும், கண்ணுக்கும் ஆபத்து. என் கட்சி தண்ணீர்க் கட்சி. நீர்த்தாரையில் ஒவ்வொரு துளியும் ஓர் எறிபொருள். எல்லாத் துளிகளும் ஒரே வேகத்தில் கிளம்புவதால் முழுப் பரவளையமும் அசையாமல் கண் முன்னால் நிற்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளக்கலாம். மொட்டை மாடியில் மேல்நிலைத் தொட்டி இருந்தால் அழுத்தமும் சீராக இருக்கும்.

ஓஸ் முனையில் பழைய பேனா ஒன்றின் கூம்பு முனையை வெட்டிச் செருகினேன், 4 மி.மீ. டிரில் பிட் சிக்கென நுழையும் அளவுக்கு வாய். குழாய் மூடியில் ஓட்டை போட்டால் வேலை சுலபம், ஆனால் கூரிய விளிம்புள்ள ஓட்டையிலிருந்து வெளிவரும் தாரை ஓட்டையைவிடச் சுருங்கிவிடும். பரப்பளவை வைத்து வேகம் கணக்கிட்டால் தவறும். கூம்பில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. கேட் வால்வை மெல்லத் திருகி, 1 லிட்டர் பாட்டில் 20 விநாடியில் நிரம்பும்படி வைத்தோம். விநாடிக்கு 50 கன செ.மீ.; துளையின் பரப்பு 0.126 சதுர செ.மீ.; வகுத்தால் வேகம் ஏறத்தாழ 4 மீட்டர்/விநாடி. கோணத்துக்குப் பாகைமானியை ஓஸோடு கட்டி, அதன் மையத்திலிருந்து ஒரு நூலில் நட்டைத் தொங்கவிட்டோம்.

காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது, காற்றும் கிளம்பிவிடும்.

தண்ணீர் விழும் இடத்தில், பேனா முனையின் அதே உயரத்துக்கு ஒரு பலகை வைத்தோம். அவள் மனப்பாடம் செய்த சூத்திரம் இந்தப் பலகைக்கு மட்டும்தான் பொருந்தும்: கிளம்பிய மட்டமும் விழுந்த மட்டமும் ஒன்று. ஆனாலும் நோட்டுப் பக்கத்தின் வழியாகவே போகச் சொன்னேன். 30 பாகைக்கு மேல்நோக்கிய வேகம் 2, முன்னோக்கிய வேகம் 3.46. மேலே போய்த் திரும்பும் நேரம் 0.408 விநாடி, தூரம் 1.41 மீட்டர். 60 பாகைக்கு மேல்நோக்கி 3.46, முன்னோக்கி 2, நேரம் 0.707 விநாடி, தூரம் அதே 1.41. ஒன்று 20 செ.மீ. உயரம்தான் எழும்புகிறது, மற்றொன்று 61 செ.மீ. எழும்புகிறது, இரண்டும் ஒரே இடத்தில் இறங்குகின்றன. ஓஸை 30-லிருந்து 60-க்கு உயர்த்தும்போது ஈரத்தடம் வெளியே ஓடி, 45-இல் 1.63-ஐத் தொட்டு, மறுபடி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. கணக்கைவிட நிஜத் தாரை சற்றுக் கிட்டே விழுந்தது. ஆனால் 30-உம் 60-உம் ஒரே இடம் என்பதில் மாற்றமில்லை. 45 பாகையில்தான் குண்டு அதிகத் தூரம் போகும் என்று இத்தாலியக் கணித அறிஞர் டார்டாக்லியா 1537-லேயே எழுதிவிட்டார், குண்டின் பாதை பரவளையம் என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே.

“அப்படியென்றால் கோட்டைப் பீரங்கியையும் 45-இல் வைத்துத்தான் சுட்டிருப்பார்களா மாமா?” என்றாள். வேலூரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பீரங்கிக் குண்டின் வேகத்தில் காற்றின் தடை மிகப் பெரியது. நம் நோட்டின் வலப்பக்கத்தில் வேகம் மாறாது என்று எழுதியிருக்கிறோமே, அதுவே அங்கே பொய்யாகிவிடும். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-இல் இதை அளந்து காட்டினார். எங்கள் குண்டும் தண்ணீரும் மெதுவானவை, ஆகவே தப்பித்தன.

கடைசியாகப் பலகையை எடுத்துவிட்டு, ஓஸை அரை மீட்டர் உயரமுள்ள ஸ்டூலின் மேல் ஏற்றினோம். தண்ணீர் இப்போது தளத்திலேயே விழும். அங்கே என் முள்ளுக் கத்திரிச் செடித் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தேன், தண்ணீர் வீணாகக் கூடாது. மனப்பாடச் சூத்திரம் இங்கே செல்லாது. இடப்பக்கத்தில் உச்சிக்கு ஏறும் நேரமும் அங்கிருந்து தளம்வரை இறங்கும் நேரமும் தனித்தனி. 60 பாகைக்கு மொத்தம் 0.83 விநாடி, தூரம் 1.66 மீட்டர். 30 பாகைக்கு 0.583 விநாடி, தூரம் 2.02 மீட்டர். சற்றுமுன் ஒரே இடத்தில் விழுந்த இரண்டும் இப்போது ஓரடிக்கு மேல் பிரிந்துவிட்டன. மட்டமாகப் பறக்கும் தாரைக்கு, கிடைத்த கூடுதல் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள முன்னோக்கிய வேகம் அதிகம். செடித் தொட்டிகளில் அது தெளிவாகவே தெரிந்தது; 60-இல் ஒரு தொட்டி நனைந்தது, 30-இல் அதற்கு அடுத்த தொட்டி.

அப்படியானால் அதிகத் தூரம் போகும் கோணமும் 45-ஆக இருக்க முடியாது. கணக்குப்படி 38 பாகையில் 2.07 மீட்டர், 45-இல் 2.03 மீட்டர். ஓஸை அந்த இரண்டு கோணங்களுக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நான்கு செ.மீ. வித்தியாசத்தைத் தேடினால், தண்ணீர் விழுந்து தெறிக்கும் வட்டமே ஒரு சாண் அகலம் இருக்கிறது. அவள் 38-தான் அதிகம் என்றாள், எனக்கு அப்படித் தெரியவில்லை. பதிவேட்டில் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதச் சொல்லிவிட்டு வால்வை மூடினேன்.